ஐயமும் நாட்கணக்கும்

சுவரில் தொங்கும் நாட்காட்டியின் முன் நின்று விரல்விட்டு எண்ணும் பெண்கள் எல்லா ஊரிலும் உளர். கருத்தடைக் காப்பு எதுவுமின்றி நேர்ந்துவிட்ட ஓர் உறவின் பின்னர், அடுத்த மாதவிடாய் வரும்வரை அவர்களுடைய உள்ளம் படும் பாடு பிறர்க்குத் தெரிவதில்லை. கைக்குழந்தை மடியிலிருக்க, இன்னுமொரு குழந்தையைச் சுமக்கும் வலிமை உடலுக்குத் திரும்பாத தாய். கடல் கடந்து வேலைக்குச் செல்லப் பயணநாள் குறித்துவிட்ட மனைவி. படிப்பு முடியாத இளம்பெண். ஐந்தாவது பிள்ளைக்கு வழியேது என்று கணவனோடு சேர்ந்து கலங்கும் இல்லத்தரசி. இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: கரு உண்டாகியிருக்குமா?

இக்கேள்விக்கு அயலார் கூறும் விடைகள் இரண்டு. "ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது?" என்பது ஒன்று. "ஒரு நாளே போதுமே!" என்பது மற்றொன்று. முன்னது வீண் ஆறுதலைத் தருகிறது. பின்னது வீண் அச்சத்தைத் தருகிறது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருப்பினும், இரண்டும் ஒரே தீங்கைச் செய்கின்றன. ஆறுதல் அடைந்தவள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறாள். அச்சமுற்றவளோ இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சோர்ந்துவிடுகிறாள். உண்மையில் செய்வதற்கு ஒன்று உண்டு. அதற்குரிய காலமோ மிகக் குறுகியது.

கரு எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலிற் காண்போம். பெண்ணின் சூலகத்திலிருந்து ஒரு மாதவிடாய்ச் சுற்றில் பொதுவாக ஒரு முட்டையே வெளிப்படுகிறது. அம்முட்டை வெளிப்பட்டபின் ஏறத்தாழ ஒரு நாட்பொழுதே கருக்கொள்ளும் ஆற்றலுடன் இருக்கும். அதற்குள் விந்தணுவைச் சந்திக்காவிடின் அழிந்துபோகும். ஆணின் விந்தணுவோ அவ்வாறன்று. முட்டை வெளிப்படும் காலத்தை அண்டிய நாட்களில், கருப்பைக் கழுத்திற் சுரக்கும் நீர் தெளிந்து, முட்டையின் வெண்கருவைப் போன்று வழுவழுப்பாகிறது. அந்நீரின் துணையுடன் விந்தணு ஐந்து நாள் வரையும் உயிருடன் காத்திருக்கவல்லது. ஆகவே கரு உண்டாவதற்கு உறவும் முட்டையும் ஒரே நாளில் நிகழவேண்டும் என்பதில்லை. திங்கட்கிழமை நிகழ்ந்த உறவினால் வெள்ளிக்கிழமை கரு உண்டாகலாம்.

இதனால் ஒரு மாதவிடாய்ச் சுற்றில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறு என்பது பெறப்படும். முட்டை வெளிப்படும் நாளும், அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே அவை. இருபத்தெட்டு அல்லது முப்பது நாட்களுள் ஆறு நாட்களே என்றால், மற்றைய நாட்கள் அச்சமற்றவை அல்லவா என்று கேட்கத் தோன்றும். அச்சமற்றவைதாம். ஆனால் அந்த ஆறு நாட்கள் எவை என்பதை முன்கூட்டியே யார் சொல்லவல்லார்? சிக்கல் முழுவதும் இவ்விடத்திலேயே இருக்கிறது.

யப்பான் நாட்டு வைத்தியர் கியூசாக்கு ஒகினோ என்பவர் 1924ஆம் ஆண்டில் இவ்விடயத்தைத் தெளிவுபடுத்தினார். அதுவரையில் வைத்தியர்கள் முட்டை வெளிப்படும் நாளைக் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணி அறிய முயன்றனர். ஒகினோவோ, வரப்போகும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும் என்றார். அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்கு முந்திய 12ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில் முட்டை வெளிப்படுகிறது என்பது அவர் கண்ட முடிபு. சில ஆண்டுகளின் பின் ஒஸ்திரிய நாட்டு வைத்தியர் ஹேர்மன் க்னௌஸ் என்பவரும் இதனையொத்த முடிபுக்கே வந்தார். மாதவிடாய்ச் சுற்று நீளினும் குறுகினும், அதன் பிற்பகுதி அவ்வளவாக மாறுவதில்லை; முற்பகுதியே பெரிதும் நீண்டும் குறுகியும் மாறுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். வரப்போகும் மாதவிடாய் என்பது இன்னும் வராத ஒரு நாள். வராத நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது எங்ஙனம்? முட்டை வெளிப்பட்ட நாள், அது கடந்து இரண்டு வாரம் சென்றபின்பே நாட்காட்டியில் தெளிவாகிறது. ஐயம் பிறந்த அன்றோ அந்நாள் மறைந்தே இருக்கிறது.

கருத்தரிக்கும் வாய்ப்பை எண்களால் அளந்த ஆராய்ச்சிகளுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடைபெற்றதாகும். அலன் வில்கொக்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும், குழந்தைப் பேற்றை விரும்பிக் கருத்தடையை நிறுத்திய 221 பெண்களை 1982ஆம் ஆண்டு முதற்கொண்டு அவ்வாராய்ச்சியிற் சேர்த்தனர். அப்பெண்கள் நாள்தோறும் காலையிற் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்தனர். உறவு நிகழ்ந்த நாட்களையும் குறித்து வைத்தனர். சிறுநீரிலுள்ள ஓமோன்களை அளந்து, முட்டை வெளிப்பட்ட நாள் அறியப்பட்டது. 1995ஆம் ஆண்டில் முடிபுகள் வெளியாயின. முட்டை வெளிப்பட்ட நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும் தவிர்ந்த மற்றெந்த நாளில் நிகழ்ந்த உறவினாலும் அவர்களுள் எவரும் கருத்தரிக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு முன் நிகழ்ந்த உறவினால் கரு உண்டாகும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்தளவாகவும், முட்டை வெளிப்பட்ட நாளிலேயே நிகழ்ந்த உறவினால் நூற்றுக்கு முப்பத்து மூன்றளவாகவும் இருந்தது. அஃதாவது, மிக வாய்ப்பான நாளிற்கூட மூன்றில் ஒன்றுதான். விதைத்த நெல்லெல்லாம் முளைப்பதில்லை என்பது வயலுக்கு மட்டும் உரிய உண்மையன்று.

இம்முடிபு ஆறுதல் தருவதே. ஆயினும் அதே குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு முடிபையும் சேர்த்தே நோக்கவேண்டும். மாதவிடாய் தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாள் வரையுமே கருத்தரிக்கும் காலம் என்று அக்காலத்து வைத்திய வழிகாட்டி நூல்கள் கூறிவந்தன. அந்த எல்லைக்குள் தம் ஆறு நாட்களும் முழுவதும் அடங்கிய பெண்கள் நூற்றுக்கு முப்பதின்மர் அளவினரே. ஏழாம் நாளிலேயே நூற்றுக்குப் பதினேழு பெண்கள் கருத்தரிக்கக்கூடிய காலத்துட் புகுந்துவிட்டிருந்தனர். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்று நம்பியிருந்த பெண்களிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். ஒரு பெண்ணுக்குச் சில மாதங்களில் 26 நாட்களுக்கு ஒருமுறையும், சில மாதங்களில் 32 நாட்களுக்கு ஒருமுறையும் மாதவிடாய் வருகிறது என்று கொள்வோம். இம்முறை மாதத்தின் முதலாந் தேதி தொடங்கி ஐந்தாந் தேதி நின்றது. ஒன்பதாந் தேதி இரவு காப்பற்ற உறவு நிகழ்ந்தது. மாதவிடாய் நின்று நான்கு நாட்களே சென்றன. ஆகவே பயமில்லை என்று அவள் எண்ணுகிறாள். கணக்குப் பார்ப்போம். இம்முறை 26 நாட்சுற்றாயின், அடுத்த மாதவிடாய் 27ஆந் தேதி தொடங்கும். அதிலிருந்து பதினான்கு நாட்களைக் கழித்தால் 13ஆந் தேதியளவில் முட்டை வெளிப்படும். அதற்கு முந்திய ஐந்து நாட்களும் 8ஆந் தேதியே தொடங்கிவிடும். ஒன்பதாந் தேதி அதற்குள் அகப்படுகிறது. இம்முறை 32 நாட்சுற்றாயின், முட்டை 19ஆந் தேதியளவில் வெளிப்படும். அப்பொழுது ஒன்பதாந் தேதி உறவினால் கரு உண்டாக இடமில்லை. இம்முறை எது என்பது அவளுக்கும் தெரியாது. அவளுடைய வைத்தியருக்கும் தெரியாது. ஒரே நாள், ஒரே பெண். ஒரு மாதம் அபாயம், மற்றொரு மாதம் அபாயமின்மை.

இந்த அறியாமையையும் கணக்கிற் சேர்த்தால் எண் என்னவாகும்? 2001ஆம் ஆண்டில் அதே ஆராய்ச்சியின் குறிப்புகளைக் கொண்டு இது கணிக்கப்பட்டது. மாதத்தின் எந்த நாள் என்றறியாத ஒரேயொரு காப்பற்ற உறவினால் கரு நிலைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றளவு. நாட்காட்டியை மட்டுங் கொண்டு எண்ணினால், மிக வாய்ப்பான நடுநாட்களிற்கூட அது நூற்றுக்கு ஒன்பதளவே. முட்டை எந்நாளில் வெளிப்பட்டது என்பது திட்டமாகத் தெரிந்தாலன்றி மூன்றில் ஒன்று என்ற எண் எவருக்கும் பொருந்தாது. ஆயினும் நூற்றுக்கு மூன்று என்பதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடலாகாது. காப்பின்றியே ஓராண்டு இல்வாழ்க்கை நடத்தும் பெண்களுள் நூற்றுக்கு எண்பத்தைவரளவில் அவ்வாண்டுக்குள் கருத்தரிக்கின்றனர். சிறுதுளி பெருவெள்ளம் ஆவது இங்கும் காணப்படும்.

வாய்ப்பைக் கூட்டுவனவும் குறைப்பனவும் சில உண்டு. முப்பத்தைந்து வயதுக்குப்பின் கருத்தரிக்கும் ஆற்றல் மெல்லக் குறைகிறது; ஆனால் மாதவிடாய் அடியோடு நிற்கும்வரை அது அற்றுப்போவதில்லை. நாற்பதைக் கடந்தோர்க்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுவதால் நாட்கணக்கே பொய்த்துப்போகும். குழந்தைக்குப் பாலூட்டுந் தாய்மாருக்கு இயற்கை ஓரளவு காப்பளிக்கிறது. 1988ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பெல்லாஜியோ நகரிற் கூடிய அறிஞர்கள் இதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தனர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவுறாதிருத்தல், இரவும் பகலும் தாய்ப்பாலே உணவாயிருத்தல், மாதவிடாய் மீளத் தொடங்காதிருத்தல் என்பன அவை. இம்மூன்றும் ஒருங்கே பொருந்துமிடத்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டளவு காப்புண்டு. ஒன்று தவறினும் அக்காப்பை நம்பலாகாது. மாதவிடாய் மீண்டும் வருவதற்கு முன்பே முட்டை வெளிப்படக்கூடும் ஆதலால், பிள்ளை பெற்றபின் மாதவிடாயையே காணாமல் மறுபடியும் கருவுற்ற தாய்மார் பலர்.

விந்து வெளிப்படுமுன் ஆண் விலகிக்கொள்ளுதல் காப்பாகுமா என்று பலர் கேட்பதுண்டு. ஒன்றுஞ் செய்யாமையினும் அது மேலானது. எனினும் அதனையே நம்பி வாழும் தம்பதியருள் நூற்றுக்கு இருபதின்மரளவில் ஓராண்டுக்குள் கருவுறுகின்றனர். முதலுறவில் கரு உண்டாகாது என்பதும், உறவின்பின் எழுந்து நின்றால் அல்லது நீராற் கழுவினால் விந்து அகன்றுவிடும் என்பதும், பெண் இன்பமடையாவிடின் கரு தங்காது என்பதும் ஆதாரமற்ற நம்பிக்கைகள். விந்தணு சில நிமிடங்களிலேயே கருப்பைக் கழுத்தினுட் புகுந்துவிடும். கழுவும் நீர் அதனைத் தொடர்ந்து செல்லாது.

இத்துணையும் கேட்டபின், எண்களை எண்ணிக்கொண்டே நாட்களைக் கழிப்பதனால் ஆவது யாது என்ற வினா எழும். நாட்கணக்கினால் வாய்ப்புப் பெரிதா சிறிதா என்று ஓரளவு மதிக்கலாம். இல்லையென்று அறுதியிடவோ முடியாது. மதிப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முட்டை வெளிப்படும் நாளும் நெருங்கிக்கொண்டிருக்கும். எனவே குழந்தையை விரும்பாத பெண் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி "கரு உண்டாகியிருக்குமா?" என்பதன்று; "உறவு நிகழ்ந்து எத்தனை மணிநேரமாயிற்று?" என்பதே.

லெவொநோர்ஜெஸ்ட்ரல் என்னும் ஓமோன் அடங்கிய அவசர கருத்தடை மாத்திரை 72 மணிநேரத்துள், அஃதாவது மூன்று நாட்களுள், உட்கொள்ளப்படவேண்டும். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நன்று. இரவு கழியட்டும், வெள்ளி போகட்டும் என்று காத்திருத்தல் தகாது. அம்மாத்திரை முட்டை வெளிப்படுதலைத் தாமதிக்கச் செய்கிறது. காத்திருக்கும் விந்தணுக்கள் அதற்குள் மடிந்துபோகின்றன. முட்டை வெளிப்பட்டுவிட்டதாயின் அதனாற் பயன் இல்லை. முன்னரே நிலைபெற்ற கருவை அது கலைப்பதுமில்லை; அதற்குத் தீங்கு செய்வதுமில்லை. யூலிபிரிஸ்டல் என்னும் மற்றொரு மருந்து, கிடைக்கும் நாடுகளில், ஐந்து நாள் வரையும் பயன்படுகிறது. எல்லாவற்றினும் உறுதியானது செப்புக் கம்பி சுற்றிய லூப் ஆகும். ஐந்து நாட்களுள் வைத்தியரைக் கொண்டு அதனைப் பொருத்திக்கொண்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் காப்புக் கிடைக்கும். பின்னரும் பல ஆண்டுகளுக்கு அதுவே கருத்தடையாக உதவும்.

மாத்திரை உட்கொண்ட இரண்டு மூன்று மணிநேரத்துள் வாந்தியெடுத்தால், மீண்டும் உட்கொள்ளவேண்டுமா என்று வைத்தியரைக் கேட்கவேண்டும். காசநோய்க்கோ வலிப்புநோய்க்கோ மருந்துண்பவர்கள் அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும். அம்மருந்துகளிற் சில மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும். இன்னுமொன்று: மாத்திரை நடந்ததற்கு மட்டுமே, நடக்கப்போவதற்கு அன்று. முட்டை வெளிப்படுதல் பின்தள்ளப்படுவதனால், அதன்பின் நிகழும் காப்பற்ற உறவு முன்னையதினும் அபாயமானதாகக்கூடும். பால்வினை நோய்களையும் அது தடுப்பதில்லை. அதற்கு ஆணுறையே துணை. பெண்ணின் விருப்பமின்றி வன்முறையால் நேர்ந்த உறவாயின், மூன்று நாட்கள் கழியுமுன் வைத்தியசாலைக்குச் செல்லுதல் இன்றியமையாதது. கருத்தடையோடு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் அக்காலத்துக்குள்ளேயே தொடங்கப்படவேண்டும்.

காலம் கடந்தபின், அல்லது மாத்திரை உட்கொண்டபின், எஞ்சியிருப்பது காத்திருத்தல். இதிலும் ஒரு கணக்குண்டு. கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் ஒட்டிக்கொள்வதில்லை. முட்டை வெளிப்பட்ட ஆறாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் அது நிகழ்கிறது. பெரும்பாலும் எட்டு, ஒன்பது, பத்து ஆகிய நாட்களிலே. ஒட்டிக்கொண்ட பின்பே கருவுக்குரிய ஓமோன் தாயின் குருதியிலும் சிறுநீரிலும் கலக்கத் தொடங்கும். ஆகவே உறவு நிகழ்ந்த மூன்றாம் நாள் தோன்றும் குமட்டலும், ஐந்தாம் நாள் தோன்றும் தலைச்சுற்றும் கருவின் அறிகுறிகள் அல்ல. அச்சமே அவற்றைத் தோற்றுவிக்கலாம். அவசர மாத்திரையும் தோற்றுவிக்கலாம். மார்பு கனத்தல், அடிவயிறு நோதல் முதலியன மாதவிடாய் வருமுன்னும் தோன்றும் ஆதலால் அவற்றைக்கொண்டும் முடிவு செய்ய இயலாது.

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டியை மாதவிடாய் வரவேண்டிய நாள் கடந்தபின் பயன்படுத்தலாம். மாதவிடாய் ஒழுங்கற்றவர்கள், கடைசியாகக் காப்பற்ற உறவு நிகழ்ந்த நாளிலிருந்து 21 நாட்கள் எண்ணிப் பரிசோதித்தால் விடை நம்பத்தக்கது. அதற்கு முன் இல்லையென்று காட்டினால் அது முடிவான விடையன்று. நாளாகவில்லை என்பதே அதன் பொருளாகலாம். சிறிதளவு குருதி கசிந்ததைக் கண்டு மாதவிடாய் வந்துவிட்டது என்று மகிழ்தலும் கூடாது. வழக்கத்தினும் குறைவாகவோ வேறுவிதமாகவோ வந்தால் பரிசோதனை செய்தே தீரவேண்டும்.

கரு உண்டென்று பட்டி காட்டுமாயின், அதனை மறைத்து வைத்தலே பெருங் கேடு. அன்னாசியும் பப்பாசியும், கைமருந்தும் கசாயமும், பெயரறியாத மாத்திரைகளும் எத்தனையோ பெண்களை இரத்தப்போக்கிலும் நச்சுக் காய்ச்சலிலும் கொண்டுபோய் விட்டிருக்கின்றன. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும்பொருட்டன்றிச் செய்யப்படும் கருக்கலைப்பைக் குற்றமென வகுத்தது. மறைவான இடங்களை நாடிச் சென்றோர் அடைந்த துன்பங்களை வைத்தியசாலைகள் நன்கறியும். மூன்று நாட்களுக்குள் உட்கொள்ளப்படும் ஒரு மாத்திரையின் அருமை இங்கேதான் விளங்குகிறது. ஒரு பக்கத்து அடிவயிற்றில் கடும் நோவு, மயக்கம், தோள்பட்டையில் வலி ஆகியன தோன்றினால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

கரு இல்லையென்று உறுதியானால், அந்த மூன்று வாரத் துன்பம் ஒரு பாடமாக அமையட்டும். ஊரின் மருத்துவமாதுவிடமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கிலும் மாத்திரை, ஊசி, லூப், ஆணுறை முதலிய முறைகளைப் பற்றிக் கேட்டறியலாம். இவ்வாறு கேட்பது நாணத்துக்குரிய செயலன்று. கணவனும் உடன்சென்று கேட்பது அதனினும் சிறந்தது. நாட்காட்டியின் முன் நிற்கும் பெண் தனியே நிற்பதனாலேயே பாதித் துயரம் உண்டாகிறது. உறவில் இருவர் பங்கு கொண்டிருக்க, ஐயத்தை ஒருத்தி மட்டும் சுமப்பது நீதியாகாது.

கருவின் வாய்ப்பை உள்ளத்தின் நடுக்கத்தைக் கொண்டோ, அயலாரின் ஆறுதலைக் கொண்டோ அறிய முடியாது. முதல் மூன்று நாட்களும், விரைந்தால் ஐந்தாம் நாள் வரையும், செயலுக்குரியவை. அதன்பின் இருபத்தோராம் நாள் வரையும் பொறுமைக்குரியவை. இருபத்தோராம் நாள் உண்மைக்குரியது. இந்த மூன்றையும் முறைமாற்றாது கைக்கொள்ளும் பெண்ணுக்கு, நாட்காட்டி அச்சுறுத்தும் தாளாக இராது. வழிகாட்டும் துணையாகவே இருக்கும்.